சிங்கப்பூருக்குள் நுழையும்போது: எதற்கு வரி, எதற்குத் தடை, எதற்குக் கட்டணம்

சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தால் வழி இரண்டாகப் பிரியும்: சுங்கத்தில் அறிவிக்க ஏதாவது இருப்பவர்களுக்குச் சிவப்பு, எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்களில் பலர் யோசிக்காமல் பச்சையில் போய்விடுகிறார்கள். அநேகருக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் அங்கே நிறுத்தப்பட்டு அபராதம் கட்டுகிறவர்கள் எல்லாம் கடத்தல்காரர்கள் அல்ல. ‘ரெண்டு பாட்டில் வரைக்கும் விட்டுடுவாங்க’, ‘ஒரு கார்ட்டன் சிகரெட் எல்லா ஊர்லயும் உண்டு’, ‘கசகசா சமையல் சாமான், அதை யார் கேட்கப்போறாங்க’ என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்த மூன்றுமே தவறு.

சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் விதிகள் குழப்பமானவை அல்ல. மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும், முக்கால்வாசி தெளிந்துவிடும். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்? சிங்கப்பூருக்கு வெளியே எத்தனை மணி நேரம் இருந்தீர்கள்? உங்கள் கையில் இருப்பது சுற்றுலா விசாவா, வேலை அனுமதியா? ஒரே பெட்டி, ஒரே சாமான். இந்தப் பதில்கள் மாறினால் ஒருவருக்கு வரி இல்லை, இன்னொருவருக்கு உண்டு. கீழே வருகிற தொகைகள் எல்லாம் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில்.

பெட்டிக்கு முன்னால் காகிதம்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி. நிராகரித்தாலும் திரும்பக் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற முகவர்கள் வழியாகத்தான் பொதுவாக விண்ணப்பிக்கிறோம் என்பதால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனியாகச் சேரும். கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்ல வேண்டும்.

அடுத்தது வருகை அட்டை. விமானத்தில் கொடுத்த வெள்ளைத் தாளை நிரப்பிய காலம் போய்விட்டது. சிங்கப்பூர் வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்திலோ அதன் செயலியிலோ நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் வரும். அவை அட்டை விவரம் கேட்டுப் பணம் பிடிக்கும். வருகை அட்டைக்குப் பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். பணத்தோடு கடவுச்சீட்டு எண்ணும் பிறந்த தேதியும் யாரிடமோ போய்ச் சேரும், அதுதான் பெரிய கவலை.

வருகை அட்டை விசா அல்ல. விசா இருந்தாலும் வருகை அட்டை தனியாக வேண்டும். ஒவ்வொரு நுழைவுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் இரண்டு நாள் இருந்துவிட்டு, எல்லையைத் தாண்டியதும் வரும் மலேசிய மாநிலமான ஜோகூருக்கோ கோலாலம்பூருக்கோ போய்த் திரும்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அப்படிப் போய்த் திரும்பப் பலமுறை நுழைவு விசா இருக்கிறதா என்பதையும் கிளம்பும் முன் பாருங்கள். வேலை அனுமதி உள்ளவர்களும் நிரந்தரவாசிகளும் தரைவழியாக வந்தால் வருகை அட்டை வேண்டியதில்லை. விமானத்தில் வந்தால் வேண்டும்.

முத்திரை குத்துவது நின்றுவிட்டது. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். விசா செல்லுபடியாகும் தேதி வேறு, தங்கும் அனுமதி முடியும் தேதி வேறு. விசா இரண்டு ஆண்டுக்கு இருந்தாலும் இந்த முறை தங்க அனுமதித்தது 30 நாளாக இருக்கலாம். அந்த மின்னஞ்சலைத் திறந்து தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்டதைவிட 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டால் சட்டத்தில் சிறையோடு பிரம்படியும் உண்டு.

48 மணி நேரக் கணக்கு

சிங்கப்பூரின் பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவரும் புதுப் பொருள், பரிசுப் பொருள், தின்பண்டம் எல்லாவற்றுக்கும் இந்த வரி உண்டு. பயணிகளுக்கு மட்டும் ஒரு தொகை வரை விலக்கு. வெளியே 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தவருக்கு 500 வெள்ளி. அதற்குக் குறைவாக இருந்தவருக்கு 100 வெள்ளி. 2019 பிப்ரவரி வரை இது 600, 150 என்று இருந்தது. பழைய எண்ணையே இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல்முறை வருகிற சுற்றுலாப் பயணிக்கு 48 மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. அவர் எப்போதும் வெளியேதான் இருந்தார். இந்தக் கணக்கு கடிக்கும் இடம் ஜோகூர்ப் பயணம். காலையில் போய் மாலையில் திரும்பினால், இரவு தங்கிவிட்டு மறுநாள் திரும்பினாலும்கூட, விலக்கு 100 வெள்ளிதான். கைப்பையும் காலணியும் வாங்கியவருக்கு அது எளிதாகத் தாண்டிவிடும்.

வரி மொத்த விலைக்கு அல்ல, விலக்குக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், 800 வெள்ளி பெறுமான பட்டுப்புடவைகளோடு ஒரு வாரம் கழித்துத் திரும்பும் சிங்கப்பூர்க்காரருக்கு 500 போக மீதி 300. அதற்கு 9 விழுக்காடு 27 வெள்ளி. இந்த 27 வெள்ளியைக் கட்டத் தயங்கிப் பச்சை வழியில் நடப்பது எவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு வழி என்று பாருங்கள். வரி ஏய்ப்பு என்று வழக்கானால் ஏய்த்த தொகையைப் போல் 20 மடங்கு வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்பது சட்டம்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயம், நம் ஊரிலிருந்து போய் வேலை செய்கிறவர்களுக்கானது. வேலை அனுமதி, வேலைவாய்ப்பு அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி, இவற்றில் எது வைத்திருந்தாலும் அந்த 500 வெள்ளி விலக்கு கிடையாது. விடுமுறையில் ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாலும் கிடையாது. அவர் கொண்டுவரும் புதுப் பொருளுக்கு முதல் வெள்ளியிலிருந்தே வரி உண்டு. பக்கத்து இருக்கையில் வந்த சுற்றுலாப் பயணி அதே அளவு சாமானோடு பச்சையில் போகலாம், இவர் போகக்கூடாது. வேலை அனுமதி ரத்தாவது வரை ஒரு வழக்கின் விளைவு போகக்கூடும் என்பதால், இதைத் தங்குவிடுதித் தம்பிகளுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

நீங்கள் ஏற்கனவே பயன்படுத்துகிற துணிமணி, கைபேசி, மடிக்கணினி, கழுத்தில் போட்டிருக்கும் நகை இவற்றுக்கு வரி இல்லை. புதிதாக வாங்கிய நகை புதுப் பொருள்தான். கழுத்தில் போட்டுக்கொண்டதால் பழையதாகிவிடாது. ரசீது வைத்திருங்கள். ரசீது இல்லையென்றால் அதே மாதிரியான பொருளின் விலையை வைத்து அதிகாரி மதிப்பிடுவார், அது நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

விற்பதற்குக் கொண்டுவரும் பொருளுக்கு இந்த விலக்கு எதுவும் பொருந்தாது. வியாபாரச் சரக்குக்கு இறக்குமதி அனுமதி முறை தனி. ‘குருவி’யாக ஐம்பது புடவையோ இருபது கிலோ பலகாரமோ கொண்டுபோகச் சொல்லி டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பிடிபட்டால் பெட்டி யார் கையில் இருந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மது

18 வயது நிறைந்திருக்க வேண்டும், வெளியே 48 மணி நேரம் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வரக்கூடாது, சொந்த உபயோகத்துக்காக இருக்க வேண்டும். இந்த நான்கும் பொருந்தினால் மொத்தம் 2 லிட்டர் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். ஆனால் எந்த 2 லிட்டர் என்பதில்தான் சூட்சுமம்.

விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா வகை அதிகபட்சம் 1 லிட்டர். அதோடு 1 லிட்டர் வைனோ 1 லிட்டர் பீரோ சேர்த்துக்கொள்ளலாம். விஸ்கி வகை வேண்டாமென்றால் வைனும் பீரும் ஒவ்வொரு லிட்டர், அல்லது 2 லிட்டர் வைன், அல்லது 2 லிட்டர் பீர். விஸ்கி 2 லிட்டர் என்ற சேர்க்கையே பட்டியலில் இல்லை. விமான நிலையக் கடையில் ‘இரண்டு வாங்கினால் தள்ளுபடி’ என்று 1 லிட்டர் விஸ்கி பாட்டில் இரண்டை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். வாங்கும் இடத்தில் அது சரி. இறங்கும் இடத்தில் இரண்டாவது பாட்டிலுக்குத் தீர்வை உண்டு.

எவ்வளவு? தீர்வை பாட்டிலின் அளவுக்கு அல்ல, அதிலுள்ள ஆல்கஹாலின் அளவுக்கு. விஸ்கிக்கும் வைனுக்கும் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 40 விழுக்காடு உள்ள 1 லிட்டர் விஸ்கியில் 0.4 லிட்டர் ஆல்கஹால்; ஆக 35.20 வெள்ளி. பாட்டிலின் விலை 50 வெள்ளி என்றால், 50-ஐயும் 35.20-ஐயும் கூட்டி வரும் 85.20-க்கு 9 விழுக்காடு வரி 7.67. மொத்தம் 42.87 வெள்ளி. அதாவது பாட்டிலின் விலையையே கிட்டத்தட்ட இன்னொரு முறை கொடுக்கிறீர்கள். வரியின்மேல் வரி விழுகிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

500 வெள்ளி விலக்கு மதுவுக்குப் பொருந்தாது. அதே சமயம், அனுமதி அட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு மது விலக்கு மறுக்கப்படவில்லை. மேலே சொன்ன நான்கு நிபந்தனை பொருந்தினால் அவர்களுக்கும் உண்டு. சாங்கியில் இறங்கியபின் பெட்டி வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே தீர்வையில்லாக் கடை இருக்கிறது. அங்கே வாங்குவதும் இந்த 2 லிட்டருக்குள்தான் வரும்.

ஜோகூரிலிருந்து ஒரு பாட்டில் பீர் கொண்டுவந்தாலும் தீர்வை கட்ட வேண்டும். மலேசியாவில் ஒரு மாதம் இருந்தாலும் இந்த விதி மாறாது.

புகையிலை: சலுகை பூஜ்யம்

துபாய் போய் வந்தவர்களுக்கு ஒரு கார்ட்டன் சிகரெட் கொண்டுவருவது சாதாரணம். சிங்கப்பூரில் ஒரு குச்சிக்குக்கூடச் சலுகை இல்லை. பிரித்து ஐந்தாறு பிடித்துவிட்டு மீதியைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பாக்கெட்டும் அறிவிக்க வேண்டியதே. பீடியும் சுருட்டும் அப்படித்தான். 2023 பட்ஜெட்டில் ஒரு சிகரெட்டுக்குத் தீர்வை 49.1 காசாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் 20 உள்ள பாக்கெட்டுக்கு 9.82 வெள்ளி, அதன்மேல் பொருள் சேவை வரி. புறப்படும் வாரத்தில் சுங்கத்துறைத் தளத்தில் நடப்பு விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தீர்வை ஏறுமே தவிர இறங்குவதில்லை. தீர்வை கட்டினாலும் சொந்த உபயோகத்துக்கு 400 கிராம் வரைதான். அதற்கு மேல் அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது.

21 வயதுக்குக் கீழே இருப்பவர் புகையிலைப் பொருள் வைத்திருப்பதே குற்றம். தீர்வை கட்டினாலும் தீராது. தீர்வை கட்டாத சிகரெட் வழக்கில் 40 மடங்கு வரை அபராதமும் 6 ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

இதைவிட முக்கியமானது தீர்வை கட்டினாலும் உள்ளே விடாத வகை. மெல்லும் புகையிலை, குட்கா, கைனி, ஜர்தா, மூக்குப்பொடி எல்லாம் தடை. குட்கா, கைனி, ஜர்தா, மூக்குப்பொடி மீதான தடை 2016 ஆகஸ்ட் 1-ல் வந்தது. வயதான அப்பாவைப் பேரன் வீட்டுக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால் அவருடைய இடுப்பு முடிச்சையும் வெற்றிலைப் பெட்டியையும் கிளம்பும் முன் நீங்களே பாருங்கள். அவருக்கு அது ஐம்பது வருஷப் பழக்கம். சிங்கப்பூரில் தடைசெய்த பொருள் என்று தோன்றவே தோன்றாது.

மின்சிகரெட் முழுத் தடை. 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனை கடுமையாகிவிட்டது: கையில் வைத்திருந்தால் முதல்முறையே 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு 700 வெள்ளி, கீழ்ப்பட்டவருக்கு 500 வெள்ளி அபராதம். சூயிங்கம் 1992 முதல் தடை. மருத்துவக் காரணத்துக்கான சில வகைகளுக்கு மட்டும் 2004 முதல் விலக்கு. குழந்தையின் பையில் கிடக்கும் பபிள்கம்மையும் எடுத்துவிடுங்கள். பட்டாசும் துப்பாக்கி வடிவ லைட்டரும் தடை.

சமையல் சாமானில் வரும் வம்பு

கசகசா. குருமாவுக்கும் பாயசத்துக்கும் போடுகிற அதே கசகசாதான். அது அபினிச் செடியின் விதை. விதையில் மார்ஃபின் எச்சம் ஒட்டியிருக்கலாம். அதனால் சிங்கப்பூரின் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதைத் தடைசெய்த பொருளாகவே பார்க்கிறது. மார்ஃபின் துளியும் இல்லை என்று ஆய்வில் நிரூபித்து அனுமதி வாங்கினால்தான் உள்ளே வரலாம். ஒரு பயணிக்கு அது ஆகாத காரியம். முழுக் கசகசாவை விட்டுவிட்டு வந்தேன் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில், கறிமசாலாவில், சில இனிப்புகளின் மேல் தூவியதில் அது இருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். மகளுக்காகப் பாசத்தோடு கட்டிக்கொடுத்த பொட்டலம் அவளையே சிக்கலில் மாட்டிவிடக்கூடாது. சிங்கப்பூரில் முந்திரியை அரைத்துக் குருமாவைக் கெட்டியாக்கிக்கொள்ளலாம்.

அதே காரணத்துக்காகத்தான் அடுத்தவர் கொடுக்கும் பார்சலை வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் அங்கே மரண தண்டனை. பொருள் உங்கள் வசம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்றே சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். சொந்தக்காரரின் நண்பரின் லேகிய டப்பாவாக இருந்தாலும் திறந்து பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

மற்ற உணவில் அவ்வளவு பயம் வேண்டாம். முறுக்கு, ஊறுகாய், பொடி, மிட்டாய் போன்ற தயாரித்த உணவு சொந்தத் தேவைக்கு 5 கிலோ அல்லது 5 லிட்டர் வரை, மதிப்பு 100 வெள்ளிக்குள் என்றால் தடையில்லை. சொந்தத் தேவைக்கான கொஞ்சம் காய், பழத்துக்கும் தொல்லை இல்லை. இறைச்சியும் முட்டையும் வேறு கதை. அவை சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரித்த நாடுகளிலிருந்து மட்டும் வரலாம். அப்படி வந்தாலும் இறைச்சி 5 கிலோ, முட்டை 30 என்று வரம்பு. உப்புக்கண்டமும் கோழித் தொக்கும் ஊறுகாய்ப் புட்டியில் இருந்தாலும் இறைச்சிதான். கருவாடு கடலுணவுக் கணக்கில் சேரும். கடலுணவுக்கும் 5 கிலோதான் எல்லை.

மருந்தும் பணமும்

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று மாதத் தேவைக்குள், அட்டையைப் பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு கொண்டுபோனால் பிரச்சினை வராது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கடும் வலிக்கான மாத்திரைதான் கவனம் வேண்டியவை. டயசிபாம், அல்பிரசோலம், ட்ராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து இவை கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வருகிறவை. இவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படும். வருவதற்குக் குறைந்தது 10 வேலை நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் எடுத்த அன்றே மாத்திரை அட்டையின் பின்புறம் இருக்கும் வேதிப்பெயரைப் படித்துப் பார்ப்பது நல்லது. கடைப்பெயர் அங்கே உதவாது.

பணம் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். 20,000 வெள்ளியையோ அதற்கு ஈடான வேறு நாணயத்தையோ தாண்டினால் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கட்டணமும் இல்லை, வரியும் இல்லை. 2024 மே முதல் இந்த அறிவிப்பு இணையத்தில் மட்டும். செய்யாமல் விட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. சில வகைக் காசோலைகளும் ரொக்கத்தோடு சேர்த்து எண்ணப்படும். இந்தியாவிலிருந்து கிளம்புகிறவருக்கு அதற்கு முன்பே இன்னொரு எல்லை இருக்கிறது: இந்திய ரூபாய் 25,000 வரை, வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை. மீதியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்வதே வழி.

ஜோகூர் எல்லையில்

சிங்கப்பூரையும் மலேசியாவையும் ஒரே பயணத்தில் பார்க்கிறவர்கள் 1924-ல் திறந்த ஜோகூர்ப் பாலத்து வழியாகவோ 1998-ல் திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகவோ கடப்பார்கள். மலேசியாவுக்கும் ஒரு மின்னிலக்க வருகை அட்டை உண்டு. 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. பேருந்தில் போனால் இரண்டு சாவடியிலும் எல்லாச் சாமானோடும் இறங்கி ஏற வேண்டும்; பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது, டிக்கெட்டைக் காட்டி அடுத்து வருவதில் ஏறிக்கொள்ளலாம். திரும்பும்போது மது விலக்கு போய்விட்டது, பொருள் விலக்கு 100 வெள்ளியாகச் சுருங்கியிருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

வாகனத்தில் கடப்பவர்களுக்குக் கட்டணங்கள் அடுக்கடுக்காக வரும். மலேசியாவில் பதிவான கார் சிங்கப்பூருக்குள் வந்தால் வாகன நுழைவு அனுமதிக் கட்டணம் நாளொன்றுக்கு 35 வெள்ளி. மோட்டார் சைக்கிளுக்கு 4 வெள்ளி. ஒவ்வொரு காலண்டர் ஆண்டிலும் முதல் 10 நாள் இலவசம். சனி, ஞாயிறு, சிங்கப்பூரின் பொது விடுமுறை நாள்கள், வார நாள்களில் மாலை 5 முதல் அதிகாலை 2 வரை இந்தக் கட்டணம் இல்லை. கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சொந்தங்களைப் பார்க்க வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலை 5 தாண்டி எல்லையைத் தொடுகிற மாதிரி கிளம்புவது இதனால்தான். ஆனால் கார்களுக்கான 6.40 வெள்ளி பரஸ்பர சாலைக் கட்டணத்துக்கு அந்த விலக்கு இல்லை, வார இறுதியிலும் உண்டு. 2016 நவம்பரில் மலேசியா வெளிநாட்டுக் கார்களுக்கு 20 ரிங்கிட் விதித்ததற்குப் பதிலாக, 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர் விதித்தது அது. பாலச் சுங்கம் தனி.

சிங்கப்பூர்க் காரில் ஜோகூர் போகிறவர் இரண்டைப் பார்க்க வேண்டும். எரிபொருள் கலன் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள்.

அறிவிக்கும் முறை

வரி கட்ட வேண்டியது இருக்கிறது என்று தெரிந்தால் வரிசையில் நிற்கத் தேவையில்லை. சுங்கத்துறையின் இணையச் செயலியில் வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பொருள், விலை, மதுவின் ஆல்கஹால் விழுக்காடு எல்லாவற்றையும் பதிந்து அட்டையில் பணம் கட்டிவிடலாம். கணக்கை அதுவே போட்டுச் சொல்லும். கட்டிய ரசீதைக் கைபேசியில் சேமித்துக்கொண்டு பச்சை வழியிலேயே போகலாம். கேட்டால் காட்டினால் போதும். விமான நிலைய இணைய இணைப்பை நம்பாமல் ரசீதைப் படமாக எடுத்துவைப்பது உத்தமம். மது 10 லிட்டருக்கு மேல் போனால் இந்தச் செயலி உதவாது, முறையான அனுமதி வேண்டும்.

முன்கூட்டிச் செய்யவில்லையென்றால் சிவப்பு வழி. அங்கே உள்ள அதிகாரியிடம் இன்னது இருக்கிறது, இதற்கு வரி உண்டா என்று கேட்பதே அறிவித்ததாகும். இல்லை என்றால் போகச் சொல்வார். உண்டு என்றால் பக்கத்து முகப்பில் கட்டிவிட்டுப் போகலாம். சந்தேகமான பொருள் எதுவாக இருந்தாலும் அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு வழியில் நீங்களாகச் சொன்ன பொருளுக்கு வரி மட்டும். அதே பொருள் பச்சை வழியில் ஊடுகதிர்ப் பெட்டிக்குள் தெரிந்தால் அது குற்றம். பச்சைக் கோட்டைத் தாண்டி நடந்ததே ‘என்னிடம் எதுவும் இல்லை’ என்று சொன்னதற்குச் சமம். அதற்கப்புறம் ‘தெரியாது’ என்பது எடுபடாது.

இந்தியாவிலிருந்து கிளம்பும் முன் ஒரு தாள்

கல்யாணத்துக்காக நிறைய நகை போட்டுக்கொண்டு சிங்கப்பூர் போகிறவர்களுக்கும், விலை உயர்ந்த கேமரா கொண்டுபோகிறவர்களுக்கும் சிக்கல் பெரும்பாலும் போகும்போது வராது, திரும்பும்போது வரும். நகை இந்தியாவிலிருந்து எடுத்துப்போனதுதான் என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் சென்னையிலோ திருச்சியிலோ அது சிங்கப்பூரில் வாங்கியதாக எடுத்துக்கொள்ளப்படலாம். புறப்படும் விமான நிலையத்தில் இந்தியச் சுங்கத்துறையிடம் பொருளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. வாங்கிய கடையின் ரசீதும் நகையின் புகைப்படமும் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். கேமராவுக்கு வரிசை எண் குறிக்கப்படும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் இதைச் செய்ய வேண்டும், அதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வரை அந்தத் தாள் கடவுச்சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும்.